உளிக்குத் திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பதினேழு வயதுவரை அப்பாவின் பட்டறையில் எடுபிடி. அதன்பிறகு 34 வருடம் வங்கியில் பேரேடும் கணினியும். ஓய்வு பெற்ற மறுமாதமே பாளையங்கோட்டை வீட்டின் பின்கட்டில் ஒரு மேசையைப் போட்டு மறுபடி மரத்தைத் தொட்டேன். அன்றிலிருந்து நடைப்பயிற்சியிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணாச்சி, முப்பது வருஷம் கழிச்சு உளியைப் பிடிச்சா கை பழைய மாதிரி வருமா?

வரும். ஆனால் கை முந்திக்கொள்ளும், உடம்பு பின்தங்கும். மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளியை எப்படிப் பிடிப்பது, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதெல்லாம் முதல் நாளே நினைவுக்கு வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. இருபது வயதில் செய்த வேலையை அதே வேகத்தில் செய்யப் பார்ப்பதுதான் திரும்பி வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு.

இன்னொரு விஷயம் உட்காருவது. நம்மூர் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் விரலால் இடுக்கிக்கொண்டு வேலை செய்வார்கள். அப்பாவும் அப்படித்தான். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நின்று வேலை செய்ய ஒரு மேசை வேண்டும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடியும் இடம் எந்த உயரமோ, மேசையும் ஏறக்குறைய அந்த உயரம் இருக்கட்டும். எனக்கு 33 அங்குலம் வந்தது. மேசை ஆடவே கூடாது. ஆடினால் நீங்கள் தள்ளும் பலத்தில் பாதி மேசைக்கே போய்விடும்.

ஒரு இருபதாயிரம் ஒதுக்கியிருக்கேன் சார். முதல்ல என்னென்ன வாங்கணும்?

பாதியை எடுத்து உள்ளே வையுங்கள். கால், அரை, முக்கால் அங்குல உளி மூன்று. உளியைத் தட்ட ஒரு கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல். ஒரு கைவாள். நான்காம் எண் (பொது வேலைக்கான அளவு) இரும்பு இழைப்புளி ஒன்று. மூலைமட்டம், விளிம்புக்கு இணையாகக் கோடு போடும் மார்க்கிங் கேஜ், இரும்பு ஸ்கேல், நான்கு கிளாம்ப். இவ்வளவுதான். இவற்றோடு ஒரு நல்ல சாணைக்கல். இந்தப் பட்டியலில் காசு பார்க்காமல் வாங்க வேண்டியது அது ஒன்றுதான்.

இருபத்து நான்கு துண்டுகள் கொண்ட உளிப்பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். நான் ஆசைப்பட்டேன். இரண்டு உளியின் வாய் வேப்பமரக் கணுவில் மடங்கியது. மீதி இருபத்திரண்டும் இன்னும் பெட்டியிலேயே பளபளவென்று இருக்கின்றன.

அப்பாவோட மர இழைப்புளி பரண்ல துருப்பிடிச்சு கிடக்கு. தேறுமா, இல்ல ஷோகேஸ்ல வைக்கத்தானா?

பெரும்பாலும் தேறும். இழைப்புளியின் கட்டையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். உளுத்துத் தூள் கொட்டினாலோ, வாய் ஓரம் விண்டிருந்தாலோதான் ஷோகேஸ். மற்றபடி ஆப்பைத் தட்டிக் கழற்றி இரும்புத் தகட்டை வெளியே எடுங்கள். மேலோட்டமான துருவுக்குப் புளிக்கரைசலோ வினிகரோ போதும். ஒரு இரவு ஊறவைத்து, காலையில் தேங்காய் நாரால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட நாள்படப் பிசுக்காகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

துரு தகட்டின் முதுகில் (சாய்வு இல்லாத தட்டைப் பக்கம்), வாய் ஓரத்தில் குழிகுழியாக அரித்திருந்தால் அந்தக் குழி தாண்டும்வரை தேய்த்தாக வேண்டும். பொறுமை போய் மின்சாணையில் பிடித்தால் இரும்பு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதியை வெட்டியெறிந்துவிட்டுத்தான் மறுபடி கூர் எடுக்க வேண்டும். சாணையில் இரண்டு எண்ணும் நேரம் பிடித்தால் ஒரு முறை தண்ணீரில் முக்குங்கள்.

தீட்டறதுக்கு யூடியூப்ல ஆயிரம் வழி சொல்றாங்களே, எதைத்தான் செய்ய?

எதையாவது ஒன்றை ஆறு மாதம் மாற்றாமல் செய்யுங்கள். என் வழி இது. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 (எண் கூடக் கூடக் கல் நைசு) கொண்ட தண்ணீர்க்கல். முதலில் உளியின் முதுகை, முனையிலிருந்து ஓர் அங்குலம்வரை, கண்ணாடி மாதிரித் தட்டையாக்க வேண்டும். புதிய உளிக்கு இது ஒரே ஒரு முறை செய்யும் வேலை, ஒரு முழு மதியம் எடுக்கும். இதைத் தவிர்த்தவர்கள்தான் பின்னால் கல்லைக் குறை சொல்கிறார்கள்.

பிறகு சாய்வு. கடையில் வரும் உளி பொதுவாக 25 பாகையில் இருக்கும். நுனியில் மட்டும் 30 பாகை வருமாறு சற்றே தூக்கிப் பிடித்து 1000இல் தேய்க்கவும். முதுகுப் பக்கம் விரலால் தடவினால் முழு அகலத்துக்கும் பிசிர் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் கூர் இன்னும் நுனிக்கு வரவில்லை. தட்டுப்பட்டபின் 6000இல் பத்துப் பன்னிரண்டு முறை, முதுகை இரண்டு முறை, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுப்பு. கல்லின் நடு குழிந்துவிட்டால், தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி, கல்லையே அதில் தேய்த்து மட்டமாக்குங்கள்.

சோதனைக்கு முன்கை முடியை மழிக்க வேண்டாம். ஒரு மாங்கட்டையின் குறுக்கு வெட்டு முகத்தில் உளியைத் தள்ளுங்கள். நொறுங்காமல் மெழுகுபோல் சீவிக்கொண்டு போனால் கூர் சரி. வேலை ஓடும்போது அரை மணிக்கு ஒருமுறை கல்லுக்குப் போங்கள். அப்பா பீடிக்கு எழுந்து போகும் நேரமெல்லாம் தீட்டும் நேரமும்தான்.

எந்த மரத்துல ஆரம்பிக்கலாம்? தேக்கே வாங்கிடலாமா?

வேண்டாம். விலை ஒரு காரணம். அந்த விலையே உங்கள் கையை நடுங்க வைக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். தேக்கில் மணற்சத்து உண்டு, கூரைச் சீக்கிரம் மழுக்கும்.

மெஷின் பார்சலில் வரும் பைன் பெட்டிப் பலகைகள் பழகுவதற்கு நல்லவை. அவற்றில் கோதுமைக் கதிர்போல் ஒரு முத்திரையும் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, தொடாதீர்கள். நாட்டு மரத்தில் பலா அருமை. உளிக்கு இணங்கும், வாசனையும் நன்றாக இருக்கும். தஞ்சாவூர் வீணையைக் குடைவது பலாவில்தான். வேம்பு பழகுநர்க்கு எதிரி. ரேகை இரண்டு பக்கமும் பின்னிக் கிடக்கும், எந்தப் பக்கம் இழைத்தாலும் பிய்ந்து வரும். வாகைத்தூள் தும்மலை வரவழைக்கும். இடித்த வீட்டு நிலை, கதவு கிடைத்தால் பொன். ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும் ஆணியைக் காந்தம் வைத்துத் தேடிய பிறகே இழைப்புளியை வையுங்கள்.

மரக்கடையில கன அடி, கன அடின்னு சொல்றாங்க. ஒண்ணும் புரியல. ஏமாத்துறாங்களா?

கணக்கு தெரிந்தால் ஏமாற்ற முடியாது. பலகைக்கு: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்கவும். 7 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம் என்றால் 84ஐ 144ஆல் வகுத்து 0.58 கன அடி.

உருட்டு மரத்துக்கு வேறு கணக்கு. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. பள்ளிக்கூட வட்டக் கணக்கில் போட்டால் 12.7 வரும். அந்த வித்தியாசம் மோசடி அல்ல, பட்டையும் ஓரக்கழிவும் போகும் என்று தொன்றுதொட்டு விட்டுக்கொடுக்கும் அளவு. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: ஒன்றரை அங்குலம் என்று காசு வாங்கிய பலகை கையில் ஒன்றேகால்தான் இருக்கும். வாளின் பல் தின்ற தூளையும் உங்கள் கணக்கில் எழுதுகிறார்கள். வெட்டும் முன்பே, அறுத்த பிறகு என்ன கனம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கஜா புயல்ல சாஞ்ச பூவரசு இன்னும் கொல்லையில கிடக்கு. பலகை ஆகுமா? (மன்னார்குடிப் பக்கத்து நண்பர்)

2018 நவம்பரில் சாய்ந்தது இத்தனை வருடம் மண்ணில் படுத்துக் கிடந்தால் வெளிப்பக்க வெள்ளை மரம் உளுத்திருக்கும். உள்ளே கருஞ்சிவப்பான வைரம் (முற்றிய நடுமரம்) தப்பியிருக்க வாய்ப்பு நிறைய. ஒரு முனையில் அரை அடி அறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பூவரசு வைரம் ஈட்டி மரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும், விடாதீர்கள்.

புதிதாகச் சாய்ந்த மரம் என்றால்: இரு முனைகளிலும் அன்றே மெழுகோ பழைய பெயின்டோ பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், அதனால்தான் முனை வெடிக்கிறது. மில்லில் பலகையாக அறுத்து, நடுத்தண்டு வரும் பலகையைத் தனியே ஒதுக்கி, நிழலில் அடுக்கவும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி, எல்லாக் குச்சியும் மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் சற்று முன்னதாகவே காயும். நம்பிக்கை வேண்டுமென்றால் ஒரு பலகையை மாதாமாதம் எடை போடுங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் மரத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மாவுச்சத்து நீரில் கரைந்துபோவதால் உளுக்கும் வண்டுக்குத் தின்னக் கிடைக்காது.

சந்தனம், ஈட்டி உங்கள் தோட்டத்திலேயே நின்றாலும், சாய்ந்தாலும், வனத்துறையைக் கேட்காமல் அறுக்காதீர்கள். ஈட்டிக்கென்றே 1994இல் தமிழகத்தில் தனிச்சட்டம் வந்தது.

ஃபிளாட்ல இருக்கோம். சத்தம் போட்டா கீழ்வீட்டுக்காரர் வந்துடுவார். இது நமக்கு ஒத்துவராதோ?

மின்கருவி இல்லாமல் ஒத்துவரும். வாளும் இழைப்புளியும் மிக்சியைவிடச் சத்தம் குறைவு. கீழ்வீட்டுக்காரரை எழுப்புவது கொட்டாப்புளிதான். மேசைக் காலுக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள், மதியத் தூக்க நேரத்தில் தட்டாதீர்கள், முதலில் செய்யும் சாமானை அவர் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள்.

தூசி விளையாட்டல்ல. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. சுருள்சுருளாக விழும் சீவல் கெடுதல் செய்யாது. உப்புத்தாளும் மெஷினும் கிளப்பும் மாவுத்தூள்தான் நெஞ்சுக்குள் போகும். என்95 முகக்கவசம் போடுங்கள், துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். கூராக இழைத்தால் உப்புத்தாளின் வேலை பாதியாகக் குறையும் என்பதையும் பாருங்கள்.

மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டி அறுக்கலாம்ல? எல்லா ஆசாரியும் அப்படித்தான அறுக்காங்க?

அறுக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கிறது என்று அடுத்த முறை கையைப் பாருங்கள்.

மார்பிள் கட்டர் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். மரம் அறுக்கவென்றே செய்த ஏழு அங்குல சர்க்குலர் சா சுமார் ஐந்தாயிரம் சுற்றுதான். கல் அறுக்கும் பிளேடில் பல் கிடையாது, உரசித்தான் அறுக்கும். பல் உள்ள பிளேடை அந்த வேகத்தில் மாட்டினால், மரம் நெரித்துப் பிடிக்கும் கணத்தில் மெஷின் உங்களை நோக்கி எகிறும். சர்க்குலர் சாவில் வெட்டு முடிந்ததும் சுருள்வில் போட்ட மூடி தானாக வந்து பிளேடை மறைத்துக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது இல்லை. எகிறிய பிளேடு சுற்றிக்கொண்டே வந்து தொடையில் இறங்கும். கைகிரைண்டரில் மர பிளேடு மாட்டுவது இதைவிட மோசம்.

ஆசாரிக்கு இன்றைய கூலி இன்று வேண்டும், கையிலிருக்கும் ஒரே மெஷினில் எல்லாம் செய்கிறார். உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது. கைவாளால் அறுங்கள், இல்லையென்றால் மில்லில் கொடுத்து அறுத்து வாங்குங்கள். எந்த மெஷின் ஆனாலும் சுற்றும் சாமான் பக்கத்தில் கையுறை, தொளதொள சட்டை, மோதிரம், கையில் கட்டிய சாமிக்கயிறு எதுவும் ஆகாது. சாமி கோபித்துக்கொள்ளாது, கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

எனக்கு சுகர். ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் போடுறேன். பசங்க உளியைத் தொடவே கூடாதுங்கிறாங்க.

உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பிள்ளைகளிடம் அல்ல. வெட்டுப்படும் வேலை செய்யப்போகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வேலைக்கு உட்காராதீர்கள், அது உளிக்காயத்தைவிட ஆபத்து. டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை. சுகர்க்காரர்கள் மூடிய காலணி போட வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஆணி ஏறியதே தெரியாது. முதல் கேள்வியில் சொன்ன கால் விரலால் இடுக்கும் வித்தை உங்களுக்கு அறவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

காயத்தில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் வருபவை: பலகையை இடது கையால் பிடித்து, வலது கையால் உளியைத் தள்ளுவது. என் இடது கட்டைவிரலில் ஏழு தையல் இருக்கிறது. அன்று உளி மழுங்கியிருந்தது, அதனால் அதிகமாக அழுத்தினேன். பலகையைக் கிளாம்ப் பிடிக்கட்டும். இரண்டு கையும் உளியின் பின்னால் இருந்தால் வெட்டுப்பட வழியில்லை.

ஆசையா செஞ்ச தேக்கு மேசை, மகள் வீட்டு ஏசி ரூம்ல ஆறு மாசத்துல நடுவுல பிளந்துட்டு. மரம் மோசமா?

மரம் மோசமில்லை, நீங்கள் அதைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் கண்டுகொள்ள வேண்டாத அளவு. அகலவாக்கில்தான் வேலையைக் காட்டும், அதிலும் வருட வளையத்தை ஒட்டிய திசையில் குறுக்குத் திசையைவிட இரண்டு மடங்கு. தேக்கு மற்ற மரங்களைவிடச் சாது. அதுவே ஐப்பசி மழை ஈரத்திலிருந்து ஏசி வறட்சிக்குப் போனால் இரண்டடி அகலப் பலகை கால் அங்குலம்வரை சுருங்கலாம். நீங்கள் அடியில் குறுக்குச் சட்டம் வைத்துப் பசை போட்டு, நான்கு ஸ்க்ரூவும் இறுக்கியிருப்பீர்கள். சுருங்க வழியில்லாமல் பிளந்தது.

தாத்தா காலத்துக் கதவைப் பாருங்கள். சட்டத்துக்குள் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, நடுப்பலகையைப் பசையே இல்லாமல் செருகியிருப்பார்கள். அது உள்ளுக்குள் அசையும். எத்தனை சித்திரை, எத்தனை கார்த்திகை பார்த்தும் பிளக்காமல் நிற்பது அதனால்தான். மேசைக்கும் அதே யோசனை. நடுவில் ஒரு ஸ்க்ரூவை இறுக்குங்கள், ஓரத்து ஸ்க்ரூக்களின் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டமாகக் குடையுங்கள். பிளந்த மேசையைச் சட்டத்திலிருந்து கழற்றி, பிளவை நேராக இழைத்து மறுபடி ஒட்டிவிடலாம். மகளிடம் சொல்லுங்கள்.

ஃபெவிக்கால் போதுமா, ஆணியும் அடிக்கணுமா?

துளையும் அதற்குள் செருகும் கழுந்தும் இறுக்கமாகப் பொருந்தினால் ஃபெவிக்கால் போதும். தளர்வாக இருந்தால் ஆணியும் காப்பாற்றாது. குறுக்கு வெட்டு முகத்தில் பசை நிற்காது, ரேகையோடு ரேகை சேரும் முகத்தில்தான் நிற்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுமுன் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கிளாம்பிலேயே விடுங்கள்.

ஆளி விதை எண்ணெய் பூசுனா நல்லா இருக்கும்னு சொன்னாங்க. சரிதானா?

நன்றாக இருக்கும். ஆனால் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கட்டுக்கதை இல்லை. விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். அரக்கு பாலிஷ் போட்டால் காபி டம்ளர் வைத்த இடம் வெள்ளை வளையமாகும், அது தெரிந்தே போடுங்கள்.

எங்க அப்பா, இந்த உளி என்னோட போகட்டும்னு சொல்லிப் படிக்க வெச்சாரு. இப்ப நான் மறுபடி எடுத்தா அது அவரை அவமதிச்ச மாதிரியா?

இதைக் கேட்டவர் என் வயதுக்காரர், என்னைப் போலவே ஆசாரி வீட்டில் பிறந்தவர். எனக்கும் இதே உறுத்தல் இருந்தது. அப்பா என்னைப் பட்டறையிலிருந்து விரட்டியதற்குக் காரணம் மரம் அல்ல. செய்த கட்டிலுக்குக் கூலி கேட்டு மூன்று முறை நடந்து, வாசலிலேயே நிற்க வைக்கப்பட்டதுதான் காரணம். அந்த வாசலில் நான் நிற்க வேண்டியதில்லை, எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அவர் வெறுத்தது எது, ரசித்தது எது என்பதை இப்போதுதான் என்னால் பிரித்துப் பார்க்க முடிகிறது. இழைத்த பலகையைப் புறங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கூலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊர் என்ன சொல்லும் என்றால், கொஞ்ச நாள் சொல்லும். பிறகு உடைந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரும்.

அப்படி வர்றவங்ககிட்ட காசு வாங்கலாமா?

தெரிந்தவர் நாற்காலி என்றால் காபி போதும். புதிதாகக் கட்டில், கதவு என்று கேட்டால் தெருவிலிருக்கும் ஆசாரியிடம் அனுப்புங்கள். பொழுதுபோக்குக்குச் செய்கிறேன் என்று பாதி விலைக்கு நீங்கள் செய்து கொடுத்தால், நாளைக்கு அவரிடம் பேரம் பேசுகிறவன் உங்கள் விலையைத்தான் சொல்வான். வாங்குவதென்றால் அவர் வாங்கும் விலையை வாங்குங்கள்.

ரெண்டு மாசமாச்சு அண்ணாச்சி, ஒரு ஸ்டூல்கூட முடியல. நாலு காலும் ஆடுது. ஒரு காலை அறுத்தா இன்னொண்ணு தூக்குது. எனக்கு இது வராதோ?

எனக்கு ஐந்து மாதம் ஆனது. நானும் காலை அறுத்து அறுத்துக் கடைசியில் ஸ்டூல் மணை உயரத்துக்கு வந்துவிட்டது. இன்று அதன்மேல்தான் என் மனைவி தேங்காய் துருவுகிறாள்.

அறுப்பதை நிறுத்துங்கள். சமமான தரையில், கண்ணாடி மேல் என்றால் இன்னும் நல்லது, ஸ்டூலை நிறுத்தி, ஆடும் காலுக்கு அடியில் அட்டை செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலை வைத்து, நான்கு காலையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் நான்கையும் அறுங்கள். அடுத்த ஸ்டூலுக்கு மூன்று கால் போதும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. அறுப்பதற்கு முன் வாளின் பற்களை ஒருமுறை பாருங்கள், இரண்டு மாதத்தில் நிச்சயம் மழுங்கியிருக்கும்.